‘பி’யில் இறுகிய கியர்... பூட்டுக்கு ஒரு திறப்பு உண்டு!

வெம்பக்கோட்டைப் பக்கம் கரிசல் காட்டில் நான்கு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கிறார் அந்த விவசாயி. வயது அறுபதைத் தொடுகிறது. இடது முழங்கால் தேய்ந்துவிட்டதால் கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் சென்னையில் வேலை பார்க்கும் மகன், தான் ஓட்டிய பழைய ஆட்டோமேட்டிக் காரை ஊரில் விட்டுப் போனான். வலது கால் ஒன்றே போதும். உரக்கடைக்குப் போக, பயர் ஆபீசில் வேலை பார்க்கும் மனைவியை மழை நாளில் கூட்டி வர என்று மூன்று வருடமாக அந்தக் கார் சொன்னபடி கேட்டது.

கேட்காமல் போனது ஒரு மாசி மாத முன்னிரவில். மக்காச்சோளத் தட்டைப் படப்பில் கை வைத்த அவருடைய தாயாரைக் கண்ணாடி விரியன் தீண்டிவிட்டது. 108-க்குச் சொன்னார்கள். வேறு ஊரிலிருந்து வண்டி வர வேண்டியிருந்தது. சிவகாசி அரசு மருத்துவமனைக்குத் தாமே கொண்டுபோய்விடுவது என்று முடிவு செய்தார்கள். கயிறு கட்டவோ, கடிவாயைக் கீறவோ மருமகள் யாரையும் விடவில்லை. கையை அசைக்காமல் வைத்து, மாமியாரைப் பின் சீட்டில் சாய்த்தார்.

சாவியைத் திருகியதும் இன்ஜின் ஓடியது. கியர் லிவர் மட்டும் ‘பி’ என்ற இடத்தை விட்டு அசையவில்லை. பிரேக்கை ஓங்கி மிதித்துப் பார்த்தார். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

பக்கத்து வீட்டில் டிராக்டர் மெக்கானிக் இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் ஓடி வந்து முதலில் பார்த்தது கியரை அல்ல, காரின் பின்பக்கத்தை.

“சித்தப்பா, பிரேக்கை மிதிங்க... விடுங்க... இன்னொரு தடவை மிதிங்க. சிவப்பு லைட்டு எரியவே இல்ல. கோளாறு கியர்ல இல்ல, பிரேக் ஸ்விட்ச்லதான் இருக்கும்.”

அவர் கணக்கு சரி. ‘பி’யில் போட்டதும் கியர்பெட்டிக்குள் ஓர் இரும்பு நாக்கு, பல்சக்கரத்தின் பல்லிடுக்கில் விழுந்து கொக்கிபோல் பிடித்துக்கொள்கிறது. சக்கரம் உருளாது. லிவரை அங்கிருந்து எடுக்கவிடாமல் இன்னொரு பூட்டும் உண்டு. பிரேக் பெடலுக்கு மேலே உள்ள சிறு ஸ்விட்ச், பெடல் மிதிபட்டதும் பின்விளக்கை எரிய வைக்கும். அதே சைகையால் லிவரின் பூட்டும் விலகும். அப்போது ‘டிக்’ என்று மெல்லிய சத்தம் கேட்கும். ஸ்விட்ச் தேய்ந்தாலோ, அதன் பியூஸ் போனாலோ விளக்கும் எரியாது, பூட்டும் விலகாது. நாம் எவ்வளவு மிதித்தாலும் காருக்குத் தெரியாது.

போனில் மகன் வழி சொன்னான். “அப்பா, லிவருக்குப் பக்கத்துல சின்ன மூடி ஒண்ணு இருக்கும். அதை நெம்பி எடுத்துட்டு, உள்ள சாவி நுனியை விட்டு அமுக்குங்க. அமுக்கிக்கிட்டே லிவரை ‘என்’னுக்குக் கொண்டு வாங்க.”

மெக்கானிக் தடுத்தார். வீட்டு முன் தெரு ஊருணியை நோக்கிச் சரிகிறது. ‘பி’ விலகிய மறுநொடி கார் உருளத் தொடங்கும். ஒரு பெரிய கல்லைச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தார். கைப்பிரேக்கை முழுக்க இழுக்கச் சொன்னார். இன்ஜினை அணைத்து, இக்னிஷனை மட்டும் ‘ஆன்’ நிலையில் வைத்து, பிரேக்கில் கால் இருக்கும்போதே மூடிக்குள் அமுக்கினார்கள். லிவர் ‘என்’னுக்கு வந்தது. ‘என்’னிலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். பின் பிரேக் விளக்கு எரியாது என்பதால் நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்து மின்ன விட்டு, நிதானமாகப் போய்ச் சேர்ந்தார்கள். வீணானது பத்து நிமிடம். விஷமுறிவு மருந்து ஏறியது. ஐந்தாம் நாள் தாயார் வீடு திரும்பினார்.

சிவகாசியில் ஒரு பட்டறையில் ஸ்விட்சை மாற்றினார்கள். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. ஆனால், விவசாயிக்குக் கோபம் ஆறவில்லை. “அந்தப் பூட்டையே ஒரேயடியா கழட்டி விட்டுருங்க. ஆத்திர அவசரத்துக்கு உதவாத பூட்டு எதுக்கு?” என்றார்.

இந்தப் பூட்டு வந்த கதையை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. 1980-களில் அமெரிக்காவில் ஆடி 5000 என்ற கார் தானாகப் பாய்வதாகப் புகார்கள் குவிந்தன. அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை ஆராய்ந்து, 1989-ல் அறிக்கை தந்தது. பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்ததே பெரும்பாலும் காரணம் என்றது அது. பிரேக்கில் கால் இருந்தால்தான் ‘பி’யிலிருந்து கியர் நகரும் என்ற ஏற்பாடு அந்தச் சமயத்தில்தான் பரவியது. காருக்குள் விளையாடும் பிள்ளைகள் லிவரை இழுத்துவிட்டு, கார் உருண்டு உயிர்கள் போனதால், 2008-ல் அங்கே சட்டமே வந்தது. 2010 செப்டம்பர் முதல் தயாராகும் ஆட்டோமேட்டிக் கார்களில் இந்தப் பூட்டு கட்டாயமானது.

இதெல்லாம் தெரியாமலே அவருடைய மனைவி மறுத்துவிட்டார். பயர் ஆபீசில் மருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்கிவிடும்.

“இருபது வருசமாத் தொடுறேன். ஒரு நாளும் ஒண்ணும் நடந்ததில்ல. அதுக்காகத் தொடாமப் போயிருவேனா? பேரன் லீவுக்கு வந்தா இந்த வண்டிக்குள்ளதான் கெடக்கான். தெரு ஊருணிக்குச் சரியுது.”

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து 35-க்கும் மேற்பட்டோர் மாண்டதை அந்த வட்டாரம் மறக்கவில்லை. அவர் சொன்னதற்குக் கணவரிடம் பதில் இல்லை. பூட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

டிராக்டருக்கும் இதே நியாயம்தான். பல புதிய டிராக்டர்கள் கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அந்த ஸ்விட்ச் கெட்டதும், ஒயரை முறுக்கி நேராக இணைத்துவிடுகிறவர்கள் உண்டு. கியரில் கிடக்கும் டிராக்டரைக் கீழே நின்றபடி ஸ்டார்ட் செய்தால், அது ஆள் மேலேயே ஏறும். ஸ்விட்சை மாற்றுவதே மலிவு.

வீட்டில் ஆட்டோமேட்டிக் கார் இருப்பவர்கள், சாயங்காலம் காரைச் சுவர் ஓரம் நிறுத்தி பிரேக்கை மிதித்துப் பாருங்கள். சுவர் சிவக்காவிட்டால் மறுநாளே பியூஸையும் ஸ்விட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு மங்கலாக எரிந்தால் பேட்டரி தளர்ந்திருக்கும். அதனாலும் பூட்டு விலகாமல் போகலாம். விளக்கு நன்றாக எரிந்தும் சரிவில் லிவர் இறுகி நின்றால், காரின் எடை முழுவதும் அந்த இரும்பு நாக்கில் ஏறியிருக்கிறது என்று பொருள். ஓட்டுநர் பிரேக்கில் கால் வைத்துத் தயாராக இருக்க, இரண்டு பேர் பக்கவாட்டில் நின்று மேட்டுப்பக்கம் லேசாகத் தள்ளினால் விடுபடும். சரிவின் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. இது நேராமலிருக்க, நிறுத்தும்போது முதலில் கைப்பிரேக், அதன்பிறகு ‘பி’.

2014-ல் மாருதி செலேரியோவில் தொடங்கி இங்கே பரவிய ஏ.எம்.டி. கார்கள் பெரும்பாலானவற்றில் ‘பி’யே கிடையாது. அவற்றுக்குக் கைப்பிரேக்தான் காவல்.

‘பி’ உள்ள காரில் அவசரத் திறப்பு எங்கே இருக்கிறது என்பது காருடன் வந்த கையேட்டில் இருக்கும். சில புதிய கார்களில் இந்த மூடி இருக்காது. வேறு வழி கொடுத்திருப்பார்கள். சமதளத்தில், பகல் வெளிச்சத்தில், சக்கரத்துக்குக் கல் வைத்து ஒரு முறை செய்து பழகுங்கள். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த எல்லோரும் பழகட்டும். அவசரம் வரும் இரவில் யார் வீட்டில் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?