ஏரியின் அடியில்

துறை மாணவர்களோடு கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்றிருந்தோம். ஏரியில் படகேறியபோது, முத்துக்குளித்தோர் மரபில் வந்த கீழக்கரை மாணவர் ஒருவர், "ஐயா, எங்கள் கடலில் கண்ணாடி அணிந்து மூழ்கினால் பவளப்பாறையும் வண்ண மீன்களும் தெரியும். இங்கே அடியில் என்ன தெரியும்?" என வினவினார்.

நல்ல வினா. பழனி மலைத்தொடரின் அணிகலனான இவ்வேரி, இயற்கை தந்ததன்று. மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்சு 1863இல் கரைகட்டி நீரைத் தேக்கியமையால் உருவானது. சுமார் 60 ஏக்கர் பரப்புடையது. இதனுள் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு என்றோம். இவ்வூரில் இயங்கிய வெப்பமானி ஆலை, பாதரசக் கழிவு குறித்து எழுந்த எதிர்ப்பால் 2001இல் மூடப்பட்டது. 2006இல் வெளியான ஆய்வொன்று, இவ்வேரி மீன்களிலும் பாதரசம் கலந்திருந்ததைக் காட்டியது. மாணவர்கள் வாயடைத்துப் போயினர்.

தேங்கி நிற்கும் நீரை அசுத்தப்படுத்தலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இவ்வேரியின் உபரிநீரே வெள்ளி அருவியாய்க் கீழிறங்குகிறது. மேலே நாம் எறிவது கீழே வாழ்வோரைச் சேரும். நீர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அழகைக் காணச் செல்வோர் அதன் காவலையும் ஏற்பதே முறை.