அறிவு தேடி வந்தோரின் வீதிகள்

பாரிஸ் என்றதும் உங்களில் பலருக்கு ஈபிள் கோபுரம்தான் நினைவுக்கு வரும். என் மனதில் நின்றதோ ஸேன் நதியின் இடக்கரையில் உள்ள பழைய மாணவர் வட்டாரம். அதன் பெயர் லத்தீன் வட்டாரம்.

தம்பியின் அழைப்பில் அங்கு சென்றிருந்தேன். ஆனால் மனம் ஊரில் இருந்தது. மூத்த மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருந்தது. "பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பி விடுதியில் விடுவதா?" என்று குடும்பத்துப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் தயக்கம்தான். பதிவுக்கு இன்னும் பத்து நாட்களே இருந்தன.

"ராத்தா, வாங்க, நம்ம கவலையை நடந்து தீர்ப்போம்" என்று தம்பி கூட்டிப் போனான்.

லத்தீன் வட்டாரம் என்ற பெயர் ஏன் வந்தது தெரியுமா? பல தேசங்களிலிருந்து இங்கு வந்த மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அக்காலத்தில் லத்தீனே பொது மொழி. 1257இல் ரொபேர் த சொர்போன் என்ற பாதிரியார் வறிய மாணவர்களுக்காக இங்கே ஒரு கல்லூரியைத் தொடங்கினார். அதுவே பிற்காலத்தில் புகழ்பெற்ற சொர்போன் ஆயிற்று. நம்மவரான இப்னு ருஷ்தின் நூல்கள் லத்தீனுக்கு மாற்றப்பட்டு இந்த வீதிகளில்தான் படிக்கப்பட்டன. 1277இல் பாரிஸ் பிஷப் 219 கருத்துகளுக்குத் தடை விதித்தார். இப்னு ருஷ்தைப் படித்ததால் எழுந்த கருத்துகளும் அவற்றில் இருந்தன. தடை போடும் அளவுக்கு அவர் இங்கே வாசிக்கப்பட்டிருக்கிறார்!

ஒடுங்கிய சந்துகள், பழைய புத்தகக் கடைகள், ஒரு கோப்பை கோப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக விவாதிக்கும் இளைஞர்கள். 1968 மே மாதத்தில் மாணவர்கள் வீதிக் கற்களைப் பெயர்த்துத் தடையரண் கட்டிப் பொலிஸாருடன் மோதியதும் இங்கேதான். மதுக்கடைகளையும் கட்டுப்பாடற்ற பழக்கங்களையும் கண்டேன். 'இதற்குத்தானே பயப்படுகிறோம்' என்று நெஞ்சு சொன்னது.

மேட்டின் உச்சியில் பந்தியோன் என்ற பெரிய மண்டபம். பிரான்ஸின் பெருமக்கள் அங்கே அடக்கப்பட்டிருக்கிறார்கள். 1995இல் மேரி கியூரியின் உடலும் அங்கு கொண்டுவரப்பட்டது. அவர் பிறந்த வார்சோவில் அன்று பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்தது. 1891இல், இருபத்து நான்கு வயதில், பாரிஸுக்கு வந்தார். இதே வட்டாரத்தில் ஓர் உச்சி மாடி அறையில், குளிருக்கு இருக்கிற உடைகளையெல்லாம் போர்த்திக்கொண்டு படித்தார். 1893இல் பௌதிகவியலில் முதலாவதாகத் தேறினார். பின்னர் இரண்டு நோபல் பரிசுகள்! அவரை யாரும் அனுப்பாமல் இருந்திருந்தால்?

"அவர் சரி, நம்ம தீன்?" என்று தம்பியிடம் கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் லக்ஸம்பர்க் பூங்காப் பக்கம் அழைத்துச் சென்றான். "டொக்டர் ஹமீதுல்லாஹ் இந்தப் பக்கத்தில்தான் இருந்தார்" என்றான். ஹைதராபாத்தில் பிறந்தவர், 1935இல் சொர்போனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், 1948க்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பாரிஸில் எளிமையாக வாழ்ந்தவர். 1959இல் குர்ஆனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அந்தக் கோப்பிக் கடைகளும் மதுக்கடைகளும் அவரைச் சுற்றியும் இருந்தவைதானே! அவர் எதைத் தேடி வந்தாரோ அதை மறக்கவில்லை.

அஸர் நேரமாயிற்று. வட்டாரத்தின் ஓரத்தில் 1926இல் திறக்கப்பட்ட பாரிஸ் பெரிய பள்ளிவாசலுக்குப் போனோம். முதலாம் உலகப் போரில் பிரான்ஸுக்காக உயிரிழந்த முஸ்லிம் வீரர்களின் நினைவாக எழுந்த பள்ளி அது. அங்கே தொழுகைக்கு வந்த பெண்களில் சிலர் தோளில் புத்தகப் பையோடு இருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் என் கண் கலங்கிவிட்டது.

சகோதரிகளே, கல்வி கடமை என்று மேடைகளில் பேசுகிறோம். நம் வீட்டு வாசலுக்கு அது வரும்போது தூரத்தைக் காட்டித் திருப்பி அனுப்புகிறோம். பிள்ளையைக் காப்பது பூட்டு அல்ல, நாம் ஊட்டிய ஈமானும் நல்லொழுக்கமும்தான்.

அன்றிரவே மகளை அழைத்தேன். "படிவத்தை நிரப்பு மகள். வாப்பாவிடம் நான் பேசுகிறேன்" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு விம்மல் மட்டும் கேட்டது.

அல்ஹம்துலில்லாஹ், இப்போது அவள் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.