கதவில்லாத அடுப்பு

செஞ்சியில் கடலில்லை. மீன் என்றால் எங்களுக்கு ஏரி மீன். நண்டு என்றால் வயல் நண்டு. ஆகவே திறந்த வெளியில் தீ மூட்டி ஆக்கும் கடல் விருந்தை நான் முதலில் கண்டது கரையில் அன்று, ஏட்டில்தான்.

நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன். அவனது கிடங்கில், திண்டிவனத்தை ஒட்டியது. செஞ்சிக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கி.மீ. அந்நாட்டின் எயிற்பட்டினத்தில், அலை ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகளில் நுளைமகள் தீ மூட்டுகிறாள். வழிநடந்து வரும் பாணர்க்குத் தேறலும் சுட்ட குழல்மீனும் கிடைக்கின்றன. உள்நாட்டு ஆமூரிலோ உழவர் தங்கை வெண்சோற்றோடு நண்டுக் கலவை இடுகிறாள்.

அதே நூலில் இன்னோர் அடுப்பும் உண்டு. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காண்பதற்கு நாணிக் கதவடைத்து உண்கிறது பாணனின் குடும்பம்.

என் ஆயா மழைக்காலங்களில் கொல்லைப்புறத்தில் சுள்ளி மூட்டி எங்களுக்கு வயல் நண்டு சுட்டுத் தருவார். விருந்தாளி வரும் அரவம் கேட்டால் சட்டியை மூடிவிடுவார்; அது இல்லாதவர் உணவாம். வள்ளலைத் தேடிச் சென்றவர்க்கு ஆமூரில் இட்டது அந்த நண்டைத்தான் என்பதை நான் படித்தறிந்தபோது ஆயா இல்லை.

பசியைவிட, பசியை மறைக்கும் நாணமே நெடுநாள் வாழ்கிறது. ஊரறியத் தீ மூட்டுபவரே அதனைத் தீர்க்கிறார்.