வத்தளையில் ஒரு மாலைப் பொழுது

புறக்கோட்டையிலிருந்து நீர்கொழும்புக்குப் புறப்படும் 240-ஆம் இலக்க பஸ்வண்டி, களனி கங்கையைக் கடந்து, பேலியகொடையின் நெரிசலை விட்டு விலகியதும் கடற்காற்று சற்றே முகத்திற் படும். அங்கிருந்து வத்தளை அதிக தூரமில்லை. வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் போல வத்தளையும் இன்று நம்மவர் செறிந்து வாழும் ஊர்களுள் ஒன்று. 1983-இன் பின்னரும், தொடர்ந்த போர்க்காலத்திலும் வடக்கிலிருந்து வந்தோர், வணிகத்தின் பொருட்டு மலையகத்திலிருந்து வந்தோர், பரம்பரையாக இங்கேயே வாழும் சிங்களக் கத்தோலிக்கர் எனப் பலரும் அடுத்தடுத்த மதில்களுக்குள் வாழ்கின்றனர். மதில்களைப் பற்றி நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர் கூறுவேன்.

ஹெந்தளைப் பக்கமாகத் திரும்பினால் ஹமில்டன் கால்வாய் எதிர்ப்படும். ஆங்கிலேயர் 1802-இல் வெட்டத் தொடங்கி 1804-இல் முடித்த கால்வாய் இது. வடக்கே பரந்து கிடக்கும் முத்துராஜவெல என்னும் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. பழைய கால்வாய்களின் வழியாக உவர்நீர் உட்புகுந்து வயல்களைக் கெடுத்தது. அந்த உவர்நீரை வடித்துவிடும் நோக்கத்துடனேயே புதிய கால்வாயை வெட்டினார்கள். ஆயினும் வயல்கள் முன்போல மீளவில்லை. இன்று அது நாணலும் கண்டலும் வளர்ந்து, பறவைகள் தங்கும் சரணாலயமாக இருக்கிறது. இன்னும் சற்றுத் தொலைவில், 1708-இல் ஒல்லாந்தர் நிறுவிய தொழுநோய் வைத்தியசாலை உண்டு. வீட்டாரால் வைத்திருக்க முடியாதவர்களை வைத்திருந்த இடம் அது.

சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, இக்கால்வாய்க்கு அருகிலுள்ள ஒழுங்கை ஒன்றில், எனக்குச் சரித்திரமும் ஆங்கிலமும் கற்பித்த ஆசிரியர் ஒருவரைக் காணச் சென்றேன். யாழ்ப்பாணத்தில் நான் எட்டாம் வகுப்பிற் படித்த காலத்தில், இங்கிலாந்தின் சமூகச் சட்டங்களைக் கதைபோலச் சொல்லித் தந்தவர் அவர். 1995-ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வின் பின்னர் குடும்பத்தோடு வத்தளைக்கு வந்து, கொழும்பிலேயே பணியாற்றி ஓய்வு பெற்றவர். இப்பொழுது வயது எழுபத்தெட்டு. மனைவியார் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் இலண்டனின் ஹரோ பகுதியில் வசிக்கிறார். அவரிடம் ஆறு மாதங்கள் தங்கித் திரும்பியிருந்தார் ஆசிரியர்.

"வாரும் தம்பி. புத்தகத்திற் படிப்பித்த இங்கிலாந்தை இப்பொழுதுதான் கண்ணாற் கண்டு வந்திருக்கிறேன். உமக்குப் படிப்பித்ததிற் பாதி சரி, மீதியைத் திருத்த வேண்டும்" என்று சிரித்தபடி வரவேற்றார்.

தேநீர் தாமே ஊற்றிக் கொண்டுவந்தார். பேச்சு வரிசையில் நிற்பதைப் பற்றித் தொடங்கியது.

"அங்கே மூன்று பேர் கூடினாலும் ஒரு வரிசை உண்டாகிவிடுகிறது. நம்மவர்க்கு வரிசையில் நிற்கத் தெரியாது என்று சொல்வார்கள். 2022-இல் எரிபொருளுக்கும் சமையல் வாயுவுக்கும் நாட்கணக்கில் நாம் நிற்கவில்லையா? ஆனால் அது பஞ்சம் கற்பித்த பாடம். பஞ்சம் போனதும் மறந்துவிட்டோம். அவர்களுக்கோ அது பழக்கம். முன்னால் நிற்பவனை யாரென்று தெரியாமலே மதிக்கின்ற பழக்கம்."

பின்னர் வைத்தியத்தைப் பற்றிச் சொன்னார். 1948 ஜூலை 5-ஆம் தேதி அங்கே தேசிய சுகாதார சேவை தொடங்கியது. செல்வரும் ஏழையும் ஒரே வாயிலால் நுழைந்து, கட்டணமின்றி வைத்தியம் பெறலாம் என்பது அதன் கொள்கை. நமது நாட்டிலும் அரசாங்க வைத்தியசாலைகளில் இலவச வைத்தியம் உண்டு என்பதால், நாம் அதன் அருமையை எளிதில் உணர்வோம். ஆயினும் 2023-இல் அங்கே சிகிச்சைக்காகக் காத்திருந்த பதிவுகள் 70 இலட்சத்தைத் தாண்டின. "கொள்கை பொன்னானது, வரிசைதான் நீண்டுவிட்டது" என்றார் ஆசிரியர்.

வாசிகசாலைகளைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் வருத்தம் தெரிந்தது. 1850-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தை எங்களுக்கு வகுப்பில் விரிவாகச் சொல்லித் தந்தவர் அவர். அச்சட்டத்தின் பயனாக 1852-இல் மான்செஸ்டர் நகரில் இலவச நூலகம் திறக்கப்பட்டதையும், அவ்விழாவில் சார்ள்ஸ் டிக்கின்ஸ் பேசியதையும் நான் இன்றும் மறக்கவில்லை. அந்த நாட்டிலேயே 2010-இன் பின்னர் செலவுக் குறைப்பினால் நூற்றுக்கணக்கான நூலகங்கள் மூடப்பட்டன. எஞ்சியவற்றுள் ஒன்றில் ஆசிரியர் நாள்தோறும் காலையைக் கழித்திருக்கிறார்.

"அங்கே வருகிற முதியவர்களிற் பலர் வாசிக்க வருவதில்லை, தம்பி. குளிருக்கு ஒதுங்கவும், மனித முகத்தைப் பார்க்கவும் வருகிறார்கள். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை."

உணவு வங்கிகளையும் அவர் கண்டிருக்கிறார். கையிற் பணமில்லாதவர்களுக்கு மாவும் தகரத்தில் அடைத்த உணவும் வழங்கும் நிலையங்கள் அவை. ட்ரசல் என்னும் தொண்டு நிறுவனம் சோல்ஸ்பரி நகரில் 2000-ஆம் ஆண்டு ஒன்றைத் தொடங்கியது. 2023-24-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் நிலையங்கள் வழங்கிய பொதிகள் 30 இலட்சத்துக்கும் அதிகம். பெறுவோருள் வேலை செய்து சம்பளம் வாங்குவோரும் உளர். உலகை ஆண்ட நாட்டின் அடுப்பங்கரை அப்படியும் இருக்கிறது என்பதை, வெளிநாடு செல்லத் துடிக்கும் நம் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

இவ்வாறு பேசிக்கொண்டிருந்தவர் சற்று மௌனமானார். பிறகு ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார்.

மகளின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓர் ஆங்கில மூதாட்டி தனியே வசித்தார். வாரந்தோறும் தெருவோரத்தில் வைக்கும் குப்பைத் தொட்டியை அவர் அன்றே உள்ளே இழுத்துவிடுவது வழக்கம். ஒரு வாரம் அத்தொட்டி மூன்று நாட்களாகத் தெருவிலேயே நின்றது. ஆசிரியருக்கு மனம் கேட்கவில்லை. மகளிடம் சொல்ல, அவர் அவசர சேவைக்கு அறிவித்தார். வந்தவர்கள் கதவை உடைத்து உள்ளே போனார்கள். மூதாட்டி குளியலறையில் விழுந்து, எழ இயலாமற் கிடந்தார். உயிர் இருந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டு சென்று காப்பாற்றிவிட்டார்கள்.

"அன்றிரவு சாப்பிடும்போது நான் பெரிய பிரசங்கமே செய்தேன், தம்பி. 'இந்த நாட்டில் தனிமைக்கென்று ஓர் அமைச்சரை 2018-இல் நியமிக்க வேண்டி வந்ததல்லவா? 90 இலட்சம் பேர் தனிமையால் வாடுகிறார்கள் என்று அவர்களே சொன்னார்கள் அல்லவா? பக்கத்து வீட்டில் ஒரு கிழவி மூன்று நாள் கிடந்தாலும் அறிவாரில்லை. நமது ஊரில் இப்படி நடக்குமா?' என்று கேட்டேன். மகள் கோபிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். 'அப்பா, வத்தளையில் எங்கள் வலப்பக்கத்து வீட்டில் இருப்பவரின் பெயர் என்ன?'"

ஆசிரியர் தலை குனிந்தார்.

"இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் இந்த வீட்டில் இருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை."

என்னிடமும் சொல்வதற்கு ஒன்றுமிருக்கவில்லை. வெளியே கால்வாயில் ஒரு படகின் இயந்திர ஒலி கேட்டு மறைந்தது.

"மகள் என்னை அங்கேயே இருக்கச் சொல்லி அழுதாள். ஆனால் பிள்ளை அழைத்தாலும் அந்நாட்டுச் சட்டம் அழைப்பதில்லை. 2012 ஜூலையில் விதிகளை இறுக்கிவிட்டார்கள். எழுந்து நடமாட முடியாமல், பிறர் பராமரிப்பிலேயே வாழும் நிலை வந்து, அந்தப் பராமரிப்பைச் சொந்த நாட்டிற் பெற வழியே இல்லை என்று காட்டினால்தான் பெற்றோர் நிரந்தரமாகத் தங்கலாம். நான் இன்னும் நடக்கிறேன். ஆகவே திரும்பி வந்தேன். இங்கே 2000-ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டம் பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்கிறது. என் மகள் மாதந் தவறாமல் பணம் அனுப்புகிறாள். சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் நான் குளியலறையில் விழுந்தால், இந்த உயர்ந்த மதிலுக்கு அப்பால் யார் அறிவார்?"

"அப்படியானால் என்ன செய்தீர்கள், சேர்?" என்றேன்.

"திரும்பி வந்த மறுநாள் காலை பக்கத்து வீட்டு மணியை அழுத்தினேன். என் வயதையொத்த ஒரு மனிதர் வந்தார். தபாற்பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், சிங்களவர். என் சிங்களம் குறைவு; அவர் தமிழ் அதிலும் குறைவு. பெயரைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, '2022-இல் சமையல் வாயு வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்றவன் நான்தான்' என்றார். அவருடைய பிள்ளைகள் இருவரும் இத்தாலியில்!"

இப்பொழுது நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு ஆசிரியரின் படலை திறந்திருக்கிறது. உள்ளே முற்றத்தில் நான்கு கதிரைகள். ஒழுங்கையிலுள்ள முதியவர்கள் வந்து அமர்கிறார்கள். ஆங்கிலம் கற்க விரும்பும் பிள்ளைகள் சிலரும் வருகிறார்கள். வராதவர் யாரென்று ஆறு மணிக்கு ஒருவர் பார்த்து, அவரது வீட்டு மணியை அழுத்திவிட்டே வீடு திரும்ப வேண்டும் என்பது அவர்களின் ஒரே சட்டம். நான் சென்ற அன்றும் அந்தத் தபாற்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் வந்தார்.

"முத்துராஜவெலவைக் கெடுத்த உப்பை வடிக்க இந்தக் கால்வாயை வெட்டினார்கள். உப்பு ஏறிய பின்னர் வடிப்பது கடினம். தனிமையும் அப்படித்தான். இங்கிலாந்து அதைக் காலந் தாழ்த்தி உணர்ந்து, அமைச்சரை நியமித்தது. நமக்கு உப்பு இப்பொழுதுதான் ஏறுகிறது" என்று ஆசிரியர் விடைகொடுத்தார்.

பஸ்வண்டியில் வரும்போது எண்ணிப் பார்த்தேன். 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே நம் நாட்டவருள் நூற்றுக்குப் பன்னிருவர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இன்று இத்தொகை இன்னும் பெருகியிருக்கிறது. அவர்களிற் பலருடைய பிள்ளைகள் கடல் கடந்து இருக்கின்றனர். அயல்நாட்டாரின் குறைகளைப் பட்டியலிட்டு மகிழ்வது நமக்கு எளிது. அவர்களுடைய வரிசை ஒழுக்கத்தையும் நூலகப் பற்றையும் எடுத்துக்கொள்ளாமல், மதில்களையும் பூட்டுகளையும் மட்டும் நாமே உண்டாக்கிக்கொண்டோமோ என்று தோன்றியது.

கொட்டாஞ்சேனையில் நான் வாழும் மாடிவீட்டில், எங்கள் கதவுக்கு எதிரே ஒரு கதவு உண்டு. அங்கே வெள்ளைச் சேலை உடுத்த ஓர் அம்மையார் தனியே வாழ்கிறார். ஆறு ஆண்டுகளாகப் படிகளிற் காணும்போது புன்னகை செய்கிறோம், அவ்வளவே. அன்றிரவு எட்டு மணிக்கு என் மனைவியையும் அழைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டினேன். உள்ளே தாழ் விலகும் ஓசை கேட்க நெடுநேரம் ஆயிற்று.

"யார் பிள்ளைகள்? ஏதும் அவசரமா?" என்றார் அம்மையார், சிறிது அச்சத்துடன்.

"அவசரம் ஒன்றுமில்லை, அம்மா. உங்கள் பெயரைக் கேட்கத்தான் வந்தோம்" என்றேன்.