வடக்கே தலை வைக்காத ஊர்

பிள்ளை வெளிநாட்டில் இருக்கும்போது இரவில் கைப்பேசி ஒலித்தால் வயிற்றைப் பிசையும். சென்ற அக்டோபரில் ஓர் இரவு பத்து மணிக்கு அப்படித்தான் ஒலித்தது. ஜப்பானில் அப்போது மணி பதினொன்று.

“அம்மா, இன்னைக்குப் பெரிய தப்புப் பண்ணிட்டேன்” என்றாள் மகள். குரல் அழுதுவிட்டு வந்த குரல்.

விருந்தாளியின் பணத்தைத் தொலைத்துவிட்டாளா, சூப்பை யார் மேலாவது கொட்டிவிட்டாளா என்று என் மனம் ஓடியது. இரண்டும் இல்லை. விடுதி அறையில் விருந்தாளிகளுக்குப் படுக்கை விரித்தவள், தலையணையை வடக்குப் பக்கம் வைத்துவிட்டாள். விடுதியை நடத்தும் அம்மையார் அறைக்குள் வந்து பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை பேசாமல் மண்டியிட்டு, படுக்கையை அவரே திருப்பிப் போட்டிருக்கிறார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றாள் மகள். பிறகு திடீரென்று சிரித்தாள்.

“பாட்டி சொல்லுவாங்களே, வடக்கே தலை வெச்சுப் படுக்காதேன்னு. அதே கதைதான்மா இங்கேயும்!”

புத்தர் மறைந்தபோது வடக்கே தலை வைத்துப் படுத்திருந்தார் என்பது பௌத்த மரபு. அதனால் ஜப்பானில் இறந்தவர்களை மட்டுமே அப்படிக் கிடத்துவார்கள். எங்கள் வீட்டில் காரணம் கேட்டால் அம்மா பிள்ளையார் கதை சொல்வார். கதை வேறு, தலைமாடு ஒன்று. புக்கிட் மேரா வீட்டில் பன்னிரண்டாம் மாடியில் ஆயிரம் முறை கேட்ட பாடத்தை என் மகள் மறந்தது ஜப்பானில்தான்.

தட்டு தூக்கவா?

அவளுக்கு இப்போது 22 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பை முடித்ததும், ஜப்பானில் சுற்றுலா, விருந்தோம்பல் படிக்கப் போகிறேன் என்றாள். ஃபுகுவோக்கா நகரில் ஓராண்டு மொழிப்பள்ளி, பிறகு ஈராண்டுத் தொழிற்கல்லூரி. “செம்மோன் கக்கோ” என்று அந்த வகைக் கல்லூரிகளை அங்கே சொல்கிறார்கள். பல்கலைக்கழகம் போல நான்காண்டு இல்லை. ஒரு தொழிலைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு அனுப்பும் இடம்.

என் கணவர், “இங்கேயே படிக்கலாமே” என்றார். நியாயம்தான். சிங்கப்பூர் ஹோட்டல் சங்கம் 1983லேயே ‘ஷாடெக்’ என்ற பயிற்சிக் கழகத்தைத் தொடங்கிவிட்டது. ஆனால் பெரிய எதிர்ப்பு என் அம்மாவிடமிருந்து வந்தது. அவருக்கு 88 வயது. “உங்க தாத்தா தட்டு தூக்கினது போதாதா? நீயும் தூக்கணுமா?” என்றவர், அதற்கு மேல் அன்று பேசவில்லை.

என் அப்பா கில்மன் பாசறையில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் உணவுக்கூடத்தில் பரிமாறுபவராக இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து அது ஒன்றும் தூரமில்லை. இன்று அங்கே ஓவியக் கூடங்கள் இருக்கின்றன. அன்று வெள்ளைச் சட்டை, பளபளக்கும் பொத்தான், கையில் தட்டு. நாற்பது வயதைத் தாண்டியவரை, அவருடைய பிள்ளை வயதுள்ள அதிகாரிகள் “பையா” என்று ஆங்கிலத்தில் கூப்பிடுவார்களாம். 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறிய பிறகு அப்பா ஜாகா வேலைக்குப் போனார். உணவுக்கூடக் கதை எதையும் அவர் எங்களிடம் சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். என் பிள்ளைகள் யாருக்கும் தட்டு தூக்கக்கூடாது என்று அவர் நினைத்தார். நான் அலுவலக வேலைக்குப் போனபோது எல்லாரையும்விட அதிகம் மகிழ்ந்தவர் அவர்தான்.

அதனால் மகளை அனுப்பினேனே தவிர, முழு மனதோடு அனுப்பினேன் என்று சொல்ல முடியாது. அந்த அக்டோபர் அழைப்புக்குப் பிறகு என்னால் இருக்க முடியவில்லை. நவம்பரில் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன்.

ஆவி பறக்கும் ஊர்

சாங்கியிலிருந்து ஃபுகுவோக்காவுக்கு நேரடி விமானத்தில் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கே ஹக்காட்டா நிலையத்திலிருந்து ‘சோனிக்’ விரைவு ரயிலில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் பெப்பு. கியூஷு தீவின் கிழக்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே சரிந்து கிடக்கும் ஊர்.

முதலில் கண்ணில் படுவது ஆவி. கூரைகளுக்கு நடுவிலிருந்து, சாலையோர வடிகாலிலிருந்து, யாரோ வீட்டின் பின்கட்டிலிருந்து வெள்ளை வெள்ளையாக எழும்பிக்கொண்டே இருக்கிறது. 2,000க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. காற்றில் லேசான கந்தக வாடை. கன்னாவா வட்டாரத்தில் அந்த ஆவியிலேயே காய்கறி, முட்டை, மீன் எல்லாம் வேகவைக்கிறார்கள். மூங்கில் தட்டில் வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பிட்டபோது எனக்குப் பொங்கல் வீட்டு வாசனை வந்தது.

ஊரின் பெயர்பெற்ற ஊற்றுகளை ‘நரகம்’ என்றே அழைக்கிறார்கள். அதில் ஒன்று இரத்தக் குள நரகம். இரும்புச் சத்துள்ள செம்மண் கலந்து குளம் முழுக்கச் சிவப்பாகக் கொதிக்கிறது. அதன் வேலியோரம் நின்றபோது எங்கள் ஊர் நினைவுக்கு வந்தது. புக்கிட் மேரா என்றால் சிவப்பு மலை. கடற்கரையைத் தாக்கிய வாள்மீன்களை வாழைத்தண்டு அரணால் தடுக்க வழி சொன்ன சிறுவனை, அவன் அறிவுக்கு அஞ்சிய அரசன் கொன்றானாம். அவன் இரத்தம் வழிந்து மலை சிவந்ததாம். இங்கும் செம்மண்தான், அங்கும் செம்மண்தான். மனிதர்கள்தான் இரத்தம் என்கிறார்கள்.

பெப்பு ரயில் நிலைய வாசலில் இரு கைகளையும் தூக்கிக்கொண்டு ஒரு பெரியவரின் சிலை நிற்கிறது. மேலங்கியின் நுனியில் ஒரு குட்டிப் பூதம் தொங்குகிறது. அவர் அபுராயா குமஹாச்சி, 1863இல் பிறந்தவர். அமெரிக்கா போய்த் திரும்பி, 1911இல் இங்கே ஒரு விடுதி தொடங்கினார். பயணிகளை அன்போடு கவனிக்க வேண்டும் என்பதே அவருடைய கொள்கை. 1928இல் சுற்றுலாப் பேருந்துகளில் பெண் வழிகாட்டிகளை அமர்த்தினார். ஜப்பானில் அதுதான் முதல் முறை. ஓர் ஊரே விருந்தோம்பலைத் தொழிலாகக் கொண்டு வளர்ந்த கதை அது.

இன்று மலைமேல் ரிட்சுமேகான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2000இல் தொடங்கியது. மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளிநாட்டவர். 2023இல் சுற்றுலாவுக்கும் நீடித்த வளர்ச்சிக்கும் தனிக் கல்லூரியே அங்கே திறந்தார்கள். மாலைப் பேருந்தில் மலையிலிருந்து இறங்கும் பிள்ளைகளைப் பார்த்தால் பல நாட்டு முகங்கள். என் மகள் படிப்பது அங்கே இல்லை. ஆனால் பயிற்சி நாள்களில் அவளுக்குத் துணை அந்தப் பிள்ளைகள்தான்.

அம்மா, உட்காருங்க

அவள் பயிற்சி பெறும் விடுதி பழங்காலத்து ‘ரியோக்கான்’. பாய் விரித்த அறைகள், காகிதக் கதவுகள். வாசலில் செருப்பைக் கழற்ற யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அவளுடைய நாள் காலை ஆறரைக்குத் தொடங்குகிறது. காலை உணவு பரிமாறுவது, படுக்கை மடிப்பது, அறை துடைப்பது எல்லாம் பத்தரைக்கு முடியும். பிறகு இடைவேளை. மூன்று மணிக்கு அடுத்த விருந்தாளிகள் வருவார்கள். இரவு ஒன்பது மணி ஆகிவிடும். நடுவில் ஓய்வு என்று பெயர். ஆனால் வெளியே எங்கும் போய்வர முடியாது, தங்குமிடத்தில் தூங்கத்தான் சரியாக இருக்கும். நாள் முழுக்க வேலையில் இருப்பது போலத்தான் இருக்கும் என்றாள். முதல் மாதம் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன.

தலை தாழ்த்துவதிலேயே மூன்று அளவு. எதிரில் கடந்து போகிறவருக்கு 15 பாகை, வரவேற்க 30, மன்னிப்புக் கேட்க 45. விருந்தாளிக்குக் கொடுக்கும் பருத்தி அங்கியில் இடப் பக்கம்தான் மேலே வர வேண்டும். வலப் பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. எல்லாவற்றையும்விடக் கடினம் மரியாதை மொழி. விருந்தாளியின் செயலுக்கு ஒரு வினைச்சொல், அதே செயலை நான் செய்தால் வேறொரு வினைச்சொல். உடன் படிக்கும் பிள்ளைகள் பலர் இதில் திணறுகிறார்கள். என் மகளுக்கு ‘வா’, ‘வாங்க’ என்று இரண்டாகப் பழகிய நாக்கு கொஞ்சம் கைகொடுத்திருக்கிறது.

இன்னொன்றும் சொன்னாள். ஜப்பானியர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது “இத்தேகிமாஸ்” என்பார்கள். போய்விட்டு வருகிறேன் என்று பொருள். இருப்பவர்கள் “இத்தெராஷ்ஷாய்” என்பார்கள். போய்விட்டு வாருங்கள். ‘போகிறேன்’ என்று மட்டும் சொல்லாதே என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதேதான். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. அது அறிஞர்கள் பாடு. விடுதி வாசலில் நின்று என் மகள் விருந்தாளிகளிடம் அதைச் சொன்னபோது, எங்கள் வீட்டு வாசலில் அம்மா சொல்வது போலத்தான் எனக்குக் கேட்டது.

ஓர் இரவு அந்த விடுதியிலேயே விருந்தாளியாகத் தங்கினேன். இரவு உணவை அறைக்குக் கொண்டுவந்தவள் என் மகள். கதவருகே மண்டியிட்டு, கதவைத் திறந்து, தலை தாழ்த்தி, ஒவ்வொரு கிண்ணமாக எடுத்து வைத்தாள். மீன் சாறு கலந்த குழம்பு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சமையலறையில் முன்கூட்டியே சொல்லி, எனக்குக் காளான் சாறு வாங்கி வந்திருந்தாள். என்னால் உட்கார முடியவில்லை. தட்டை வாங்கிக்கொள்ள எழுந்துவிட்டேன்.

“அம்மா, உட்காருங்க. இது என் வேலை.”

அந்தச் சொல்லில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. உட்கார்ந்தேன். அப்பாவின் ஞாபகம் வந்தது. சாப்பாடு சிறிது நேரம் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் காலை விடுதி அம்மையார் எனக்குத் தேநீர் ஊற்றினார். அவரும் மண்டியிட்டுத்தான் ஊற்றினார். மகளைப் பற்றிப் பேசும்போது ஒவ்வொரு முறையும் பெயருக்குப் பின்னால் ‘சான்’ போட்டார். முதலாளியும் பயிற்சி மாணவியும் ஒரே பாயில் ஒரே மாதிரி மண்டியிடுகிறார்கள். என் அப்பாவின் கையிலிருந்ததும் தட்டுதான், என் மகளின் கையிலிருப்பதும் தட்டுதான். அப்பாவைச் சுட்டது தட்டு இல்லை, ‘பையா’ என்ற அந்தக் கூப்பாடு. இத்தனை ஆண்டு இது எனக்குப் புரியவில்லை.

எல்லா விருந்தாளிகளும் அப்படி என்று சொல்லமாட்டேன். குடித்துவிட்டு அதட்டுகிறவர்களும் உண்டு, வெளிநாட்டுப் பெண் வேண்டாம் என்று முகம் திருப்புகிறவர்களும் உண்டு என்று மகளே சொன்னாள்.

அனுப்பும் முன்

2024இல் ஜப்பானுக்குக் கிட்டத்தட்ட 37 மில்லியன் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். கவனிக்க ஆள் போதவில்லை. அதனால் இக்கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களை விரும்பி அழைக்கின்றன. பெற்றோர் சிலவற்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

முதலில் மொழி. ஜப்பானிய மொழித் தேர்வில் ‘என்2’ நிலை அல்லது அங்குள்ள மொழிப்பள்ளியில் குறைந்தது ஆறு மாதப் படிப்பு இருந்தால்தான் பொதுவாக இடம் கிடைக்கும். அடுத்து வேலை நேரம். அனுமதி பெற்ற மாணவர், கல்லூரி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம்வரை பகுதிநேர வேலை பார்க்கலாம். நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம்வரை. பகுதிநேரச் சம்பளத்தை நம்பியே கட்டணம் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாடத்தின் பகுதியான பயிற்சி எத்தனை வாரம், சம்பளம் உண்டா, தங்குமிடம் யார் பொறுப்பு, உடம்புக்கு முடியாவிட்டால் யாரை அழைப்பது என்பதை எழுத்தில் கேளுங்கள். படித்து முடித்தபின் வேலை விசா வேண்டுமானால் படிப்புக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும். தங்குவிடுதித் துறைக்கென்று, திறன் தேர்வும் மொழித் தேர்வும் எழுதிப் பெறும் தனி விசாவும் 2019 முதல் இருக்கிறது.

இத்தனையும் கேட்ட பிறகு, பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்து உனக்கு மகிழ்ச்சி வருகிறதா? வராவிட்டால் எந்தக் கல்லூரியும் அதைச் சொல்லித்தர முடியாது.

புத்தாண்டு நெரிசல் முடிந்து, ஜனவரி கடைசியில் மகள் ஒரு வாரம் வீட்டுக்கு வந்தாள். முதல் இரவு பாட்டிக்குப் படுக்கை விரித்தாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. தலையணையை வைக்குமுன் கைப்பேசியில் திசை பார்த்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பொக்கை வாயால் சிரித்தார். பிறகு மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அந்த ஊரில் தட்டை எப்படிப் பிடிப்பார்கள் என்று கேட்டார். மகள் எழுந்து செய்து காட்டினாள். இரண்டு கையாலும், மார்புக்கு நேராக, மூச்சு படாத உயரத்தில்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க தாத்தா ஒரே கையில ஆறு தட்டு எடுப்பாரு. ஒரு சொட்டு சிந்தாது” என்றார்.

எனக்கு அது புதுச் செய்தி. அப்பா இறந்து முப்பது ஆண்டு ஆகிறது.