பட்சிராஜனுக்கு ஒரு வக்காலத்து

அரூரில் சித்தேரி பஸ் ஏறும்போது போனில் நாலு கோடு இருந்தது. மலை ஏற ஏற மூன்று, இரண்டு, ஒன்று. ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு அப்புறம் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தவர் நான் போனை ஆட்டி ஆட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இனிமே அத உள்ள போட்ருங்க. பேசணும்னா பாறை மேல ஏறணும்" என்றார். எனக்கு உடனே '2.0' படத்தில் செல்போன் கோபுரங்களால் குருவிகள் அழிகின்றன என்று அலைந்து, கடைசியில் போன்களையெல்லாம் பறக்கவைக்கும் வில்லன் பட்சிராஜன் ஞாபகம் வந்தான்.

வந்த காரணம் உண்டு. தருமபுரியில் இயற்பியல் வாத்தியாராக இருக்கும் நண்பரோடு போன வாரம் பெரிய சண்டை. "எந்திரன் பொம்மை விளையாட்டு, 2.0 அப்பட்டமான பொய். ரெண்டையும் அறிவியல் படம்னு சொல்றவன் கையில சாக்பீஸ் கொடுக்கக் கூடாது" என்றார். அங்கே பதில் வரவில்லை. எனக்கு எப்போதும் பதில் மறுநாள்தான் வரும். இரண்டு படங்களையும் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்துவிட்டேன். கீழே இருப்பதெல்லாம் அவருக்கான பதிலின் துண்டுகள்.

*

முதலில் குடும்ப வரலாறு. தமிழில் இந்த வகைப் படத்துக்கு மூதாதையர் குறைவு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952-ல் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து 'காடு' எடுத்தது. யானைகளுக்கு ரோமம் போர்த்தி, அழிந்துபோன மாமத யானைகளாக நடிக்கவைத்தார்கள். இந்த மலையிலிருந்து சேலம் அப்படியொன்றும் தூரமில்லை. அந்தக் காலத்திலேயே இந்தப் பக்கத்தில் ஒருத்தர் யானைக்குக் கம்பளி கட்டிப் பார்த்திருக்கிறார் என்று நினைத்தால் மனசுக்கு நிறைவாக இருக்கிறது. 1963-ல் 'கலை அரசி'யில் பானுமதியைப் பறக்கும் தட்டில் தூக்கிக்கொண்டு போனார்கள். 1986-ல் சுஜாதா எழுதிய 'விக்ரம்', 1989-ல் 'நாளைய மனிதன்', அடுத்த வருஷம் அதன் தொடர்ச்சி. பிறகு நெடுநாள் மழையில்லை. 'ரோபோ' என்ற பெயரில் கமலை வைத்து ஷங்கர் தொடங்கி நின்றுபோன படம், 2010 அக்டோபர் 1-ல் ரஜினியோடு 'எந்திரன்' ஆக வந்தது. தமிழ்ப் பெயருக்குக் கேளிக்கை வரி விலக்கு இருந்த காலம் அது. எட்டு வருஷம் கழித்து அடுத்த படத்துக்கு வெறும் எண்ணையே பெயராக வைத்தார்கள்.

*

நண்பர் மறந்த காட்சி. எந்திரனில் போராவாக வரும் டேனி டென்சோங்பா, வசீகரன் படைத்த ரோபோவான சிட்டியைச் சோதிக்கும் குழுவில் இருக்கிறார். வசீகரனைக் குத்து என்று சிட்டிக்கு உத்தரவிடுகிறார். சிட்டி தன்னைப் படைத்தவன் மேலேயே கத்தியை ஓங்குகிறது. நல்லது கெட்டது தெரியாத இதை ராணுவத்துக்குக் கொடுக்க முடியாது என்று நிராகரிக்கிறார் போரா. படம் அவரை வில்லன் என்கிறது. பொறாமை பிடித்தவர், தீவிரவாதிகளோடு பேரம் பேசுகிறவர், எல்லாம் சரி. ஆனால் அந்த நிராகரிப்பு மட்டும் நூற்றுக்கு நூறு சரி. தானாக முடிவெடுத்துச் சுடும் ஆயுதங்களைப் பற்றி இன்று உலகம் முழுக்க நடக்கும் வாதம், 2010-ல் அரூர் தியேட்டர் வரைக்கும் வந்த ஒரு ரஜினி படத்தில் வில்லன் வாயில் உட்கார்ந்திருந்தது.

இந்தத் தொடரை நான் தாங்கிப் பிடிப்பதற்குக் காரணமே இதுதான். இரண்டு படத்திலும் சரியான கேள்வியைக் கேட்பவன் வில்லன். கதாநாயகன் சண்டையில்தான் ஜெயிக்கிறான், வாதத்தில் இல்லை.

*

விட்டுக்கொடுக்க வேண்டியது ஒன்று. தீப்பிடித்த குடியிருப்பில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கி வருகிறது. சுற்றிலும் கேமராக்கள். அவள் ஓடிப்போய் வண்டியில் விழுந்து சாகிறாள். உயிரைக் காப்பாற்று என்பது கட்டளை. மானம் என்ற சொல் அதற்குள் எழுதப்படவில்லை. இயந்திரத்துக்குக் கட்டளை இடுவதில் உள்ள சிக்கலை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆனால் இயந்திரத்துக்குப் பாடம் நடத்த ஒரு பெண்ணைச் சாகடித்துவிட்டு, படம் அவளை மறந்து பாட்டுக்குப் போய்விடுகிறது. மானம் போனால் பெண் செத்துத்தான் ஆக வேண்டும் என்பதையும் கேள்வி கேட்காமல் விடுகிறது. இதற்கு என்னிடம் வக்காலத்து இல்லை.

*

எந்திரனின் கடைசி அரைமணி நேரம். உருண்டை, பாம்பு, ராட்சசன். "ஹாலிவுட்டைப் பார்த்துப் போட்ட சூடு" என்றார் நண்பர். நேற்று ராத்திரி தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் படத்தை ஓட்டினேன். பையன்கள் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு உருவம் எழும்போதும் அதன் பெயரைக் கத்தினார்கள். நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எதிரியின் முகம் ரஜினியின் முகம். நூற்றுக்கணக்கில் ஒரே முகம், ஒரே தலை சொல்வதைக் கேட்கும் கூட்டம். நட்சத்திர வழிபாட்டைப் பற்றி அந்த நட்சத்திரத்தையே வைத்து இப்படி ஒரு சித்திரம் வரைந்துவிட்டு ஷங்கர் ஒன்றும் தெரியாதவர்போல நகர்ந்துவிட்டார். அப்போதும் சரி, நேற்றும் சரி, பெரிய விசில் வசீகரனுக்கு இல்லை. "மே" என்று ஆடு மாதிரி கத்தும் சிட்டிக்குத்தான்.

பிறகு நீதிமன்றத் தீர்ப்பின்படி அது தன்னைத்தானே கழற்றி வைக்கிறது. கை, கால், ஒவ்வொன்றாக. நம் ஊர்க் கதாநாயகர்கள் உச்சக்கட்டத்தில் செய்கிற காரியமா அது?

*

எந்திரனில் சிட்டி கொசுவோடு பேச்சுவார்த்தை நடத்தும் காட்சியைச் சிலர் அசட்டுத்தனம் என்கிறார்கள். கொசுவுக்கு ரங்குஸ்கி என்று பெயர் வைக்கிற குறும்பு எனக்கு வேண்டும். எந்திரன் வசனத்தில் கையிருந்த சுஜாதா 2008 பிப்ரவரியிலேயே போய்விட்டார், படத்தைப் பார்க்கவில்லை. 2.0-வுக்கு வசனம் ஜெயமோகன். படத்தில் சிரிப்பு குறைந்து துக்கம் ஏறிக்கொண்டது. யாரையும் குறை சொல்லவில்லை; பட்சிராஜன் சிரிக்கிற ஆள் இல்லை.

*

இனி 2.0. நண்பரின் கனமான ஆயுதம் இதுதான்.

2018 நவம்பர் 29-ல் படம் வருவதற்கு முன்பே செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது, படம் அறிவியலுக்கு எதிரான எண்ணத்தைப் பரப்புகிறது என்று. நண்பர் அந்தச் சங்கத்தின் பக்கம் நிற்பது அவருக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் சொல்வதில் உண்மை உண்டு. ஆரா, நுண் ஒளித்துகள் என்று படம் அளக்கிற கதை அறிவியல் இல்லை. செல்போன் கோபுரத்தால் குருவி அழிகிறது என்பதற்கும் நல்ல ஆதாரம் கிடையாது. பறவை பார்ப்பவர்கள் 15,500 பேர் பதிந்த குறிப்புகளிலிருந்து 2020-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருந்தாலும் நாடு முழுக்கப் பார்த்தால் எண்ணிக்கை நிலையாகவே இருக்கிறது என்றது.

சரி, குற்றவாளியைத் தவறாகப் பிடித்துவிட்டார்கள். ஒத்துக்கொள்கிறேன். குற்றமே நடக்கவில்லையா?

டைக்ளோஃபெனாக். மாட்டுக்குப் போடும் வலி மருந்து. மலிவு, எங்கும் கிடைத்தது, யாரும் கெட்டதாக நினைக்கவில்லை. அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மரத்திலேயே தலை தொங்கிச் செத்தன. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தது. காரணம் 2004-ல்தான் தெரிந்தது. 2006-ல் கால்நடைக்குத் தடை வந்தது. மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்கே போட்டார்கள். அந்தக் குப்பிக்கும் 2015-ல் தடை போட வேண்டியதாயிற்று.

இந்தக் கதையில் கோபுரத்தை எடுத்துவிட்டு ஊசியை வையுங்கள். பட்சிராஜன் அலைந்த அத்தனை அலைச்சலும் அப்படியே பொருந்தும். பரிசோதிக்காமல் ஊரெல்லாம் பரப்பிய ஒரு சௌகரியம், கூரைக்கு மேலே நடக்கும் சாவு, மனு வாங்கி மடித்து வைக்கும் அலுவலகம். அக்‌ஷய்குமார் கிழவர் பட்சிராஜனாக வரும் அந்தப் பகுதிதான் இரண்டு படங்களிலும் ஆக உயர்ந்தது. கோபுரத்தில் தூக்கில் தொங்குகிற மனிதரோடு ஒரு ரஜினி படம் தொடங்குகிறது என்பதையே நாம் போதுமான அளவு வியக்கவில்லை. கடைசியில் வசீகரனே அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்கிறான். அதற்குள் புறாக்களைப் பிணையாக வைத்து மிரட்டி ஜெயித்தாகிவிட்டது. அசிங்கமான வெற்றி. அதை அழகாக்கிக் காட்டாமல் விட்டதற்காகவும் எனக்குப் படத்தைப் பிடிக்கும்.

*

காலையில் பார்த்தது. ஒரு வீட்டு வாசலில் சாமை காயப்போட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு சிட்டுக்குருவிகள். வீட்டம்மா விரட்டவும் இல்லை, அழைக்கவும் இல்லை. நாலு வீடு தள்ளி சிமெண்டுத் தளம் போட்ட வீட்டு வாசலில் மரவள்ளிக் குச்சி கட்டுக்கட்டாக. அங்கே குருவி இல்லை. உட்கார இடுக்கும் இல்லை, கொத்த மணியும் இல்லை. ஒரு காலை நேரத்துச் சான்று, அவ்வளவுதான். வாத்தியார் இதைச் சான்றாகவே ஏற்க மாட்டார்.

*

சாயங்காலம் பையன்கள் என்னைப் பாறைக்கு அழைத்துப் போனார்கள். மேலே ஏற்கெனவே மூன்று பேர், கையை உயர்த்திக்கொண்டு. ஒருத்தி கல்லூரி விண்ணப்பம் அனுப்பப் பார்க்கிறாள். ஒருவர் பிரசவத்துக்குக் கீழே போன மகளைப் பற்றிக் கேட்கிறார். நேற்றுப் படம் பார்த்த பையனிடம், "பட்சிராஜன் சொன்னது சரியா தப்பா?" என்று கேட்டேன்.

"சரிதாண்ணா. ஆனா எங்களுக்கு டவர் வேணும்."

படத்தைத் திட்டிய யாரும் இதைச் சொல்லவில்லை. நண்பரும் சொல்லவில்லை. 2.0-வில் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, எல்லோருக்கும் சிக்னல் கிடைக்கிறது. போன் பறந்துபோவது ஒரு பேரழிவு என்றால், போன் இருந்தும் பாறை ஏறுகிறவர்களுக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. என் வக்காலத்தில் விழுந்த ஒரே ஓட்டை இதுதான். அதைப் போட்டவன் எட்டாம் வகுப்புப் படிக்கிறான்.

வாத்தியாருக்கு: ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறேன். அதற்குள் பட்சிராஜன் பகுதியை மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு இருங்கள். ஆராவை விட்டுவிடுங்கள்.