ஊர் மாறிப்போன போட்டி

பதுளைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். டென்னிஸ் எனக்குப் பந்து பொறுக்கும் வேலையாகவே அறிமுகமாயிற்று. 1960களில் சனிக்கிழமை மாலைகளில் துரை பங்களாவின் செம்மண் தளத்தில் அயல் தோட்டத்துத் துரைமாரும் துரைசாணிமாரும் ஆடுவார்கள். வேலி தாண்டித் தேயிலைக்குள் விழும் பந்தைத் தேடிக் கொடுப்பது லயத்துப் பிள்ளைகளின் பொறுப்பு. மட்டையைத் தொட அனுமதியில்லை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர் அந்தத் தளத்தில் கோவா பயிரிட்டார்கள். உண்மையைச் சொன்னால், அதற்காக நான் வருந்தியதில்லை.

அந்த விளையாட்டு மீண்டும் என்னைத் தேடி வந்தது 2005 பெப்ரவரி 12ஆம் திகதி. கடற்கோள் நிகழ்ந்து ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. கொழும்பில் எங்கள் செய்தி மேசை முழுவதும் மரணமும் நிவாரணமுமாகக் கிடந்தது. அவற்றினிடையே ஐதராபாத்திலிருந்து ஒரு செய்தி: மகளிர் பகிரங்க டென்னிஸ் இறுதியாட்டத்தில் உள்ளூர்ப் பெண் சானியா மிர்சா, உக்ரைனின் அலோனா பொண்டரென்கோவை 6-4, 5-7, 6-3 என்று வென்றிருந்தார். வயது 18. மகளிர் தொழில்முறைச் சுற்றில் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண். பல நாட்களுக்குப் பின் மகிழ்ச்சியோடு தலைப்பெழுதினேன்.

சித்திரை வருடப் பிறப்புக்கு ஊருக்குப் போனபோது அந்தப் படம் என் தங்கையின் லயத்துக் காம்பராச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவள் தங்கை மகள். பதின்மூன்று வயது. பாடசாலையில் 800 மீற்றர் ஓடுபவள்.

"மாமா, இந்த அக்கா மொத தடவையே ஜெயிச்சிட்டாங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். எனக்கு அந்தப் போட்டியில் பிடித்த பகுதியே அதுதான். ஐதராபாத் போட்டி 2003இல் ஆந்திரப் பிரதேசச் சுற்றுலாத் துறையின் பெயரோடு தொடங்கியது. முதல் ஆண்டுப் பட்டம் தாய்லாந்தின் தமரின் தனசுகர்னுக்குப் போயிற்று. தரவரிசையில் இடம் போதாத உள்ளூர் ஆட்டக்காரர் சிலருக்குப் போட்டி நடத்துவோர் 'வைல்ட் கார்ட்' எனும் சிறப்பு அனுமதி அளிக்கலாம். அப்படி உள்ளே வந்த பதினாறு வயதுச் சானியா முதற்சுற்றிலேயே தோற்றார். 2004இலும் அதே அனுமதி, அதே முதற்சுற்றுத் தோல்வி. அம்முறை அவரைத் தோற்கடித்த அவுஸ்திரேலியாவின் நிக்கோல் பிராட்டே பட்டத்தையும் வென்றார். ஆனால் அந்த வாரம் லீசல் ஹூபருடன் சேர்ந்து இரட்டையர் பட்டம் சானியாவுக்குக் கிடைத்தது. மூன்றாம் ஆண்டில்தான் இந்தப் படம். சொந்த ஊரில், கடல் கடக்காமல், இரண்டு தடவை தோற்று மூன்றாம் தடவை வந்து நிற்க ஒரு களம் இருந்தது. 2005 முடிவில் அவர் உலக வரிசையில் 31ஆம் இடத்தில் இருந்தார்.

"அடுத்த வருசமும் அங்கயேதான் வெளயாடுவாங்களா?" என்றாள்.

அந்த வருடம் மருமகள் பதுளை வின்சென்ட் டயஸ் மைதானத்தில் ஓடி நான்காவதாக வந்தாள். மறு வருடம் போகவில்லை. பஸ் செலவு, சப்பாத்து, துணைக்கு யார் போவது என்று தகப்பனார் கேட்டாராம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமலே நான் கேட்டிருக்கவும் வேண்டும்.

2006இல் ஐதராபாத் போட்டி பெங்களூருக்குப் போய்விட்டது. தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "போட்டி கூடவா மாமா ஊரு மாறும்?" என்று சிரித்தாள். பணம் தருபவர் இருக்கும் இடத்துக்குப் போட்டி போகும் என்றேன். அங்கே மாரா சான்டஞ்சலோ, அடுத்த ஆண்டு யரஸ்லாவா ஷ்வெடோவா என்று பட்டங்கள் போயின. 2008இல் கனரா வங்கியின் பெயரில் பரிசுத்தொகை 6 இலட்சம் டொலராக உயர்ந்தது. வில்லியம்ஸ் சகோதரிகள் இருவரும் வந்தார்கள். அரையிறுதியில் அக்காவையும் இறுதியில் பாட்டி ஷ்னைடரையும் வென்று செரீனா பட்டம் பெற்றார். சானியா மட்டும் இல்லை. இந்தியாவில் ஆடும்போதெல்லாம் ஏதாவது சர்ச்சை கிளம்புகிறது என்று சலித்து அவர் ஒதுங்கிக்கொண்டார். அதுவே அப்போட்டியின் கடைசி ஆண்டாகவும் ஆயிற்று. 2009இல் மகளிர் சுற்றின் அட்டவணை திருத்தியமைக்கப்பட்டபோது பெங்களூர் அதில் இல்லை. கொல்கத்தாவில் 2005இல் தொடங்கிய இன்னொரு மகளிர் போட்டியும் 2007உடன் நின்றிருந்தது.

அதே 2008இல் மருமகள் கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போனாள்.

முதன்மைச் சுற்றைச் சேர்ந்த மகளிர் போட்டி இந்தியாவுக்குத் திரும்ப 14 ஆண்டுகளாயின. 2022 செப்டம்பரில், சென்னை நுங்கம்பாக்கத்தில், 17 வயதுச் செக் நாட்டுப் பெண் லிண்டா ஃப்ருவிர்தோவா வென்றார். மருமகளை அழைத்துச் சொன்னேன். அவளுக்கு இப்போது ஓர் ஆறு வயது மகள்.

"இந்தத் தடவ எத்தன வருசத்துக்கு மாமா?"

2023இலும் 2024இலும் சென்னையில் போட்டி நடக்கவில்லை. 2025இல் மறுபடி நடந்தது. இந்தோனேசியாவின் ஜெனிஸ் ஜென் பட்டம் வென்ற அன்று நானே அவளை அழைத்தேன். சின்னவள் பாடசாலையில் ஓடுகிறாளா என்று முதலில் கேட்டேன்.